பார்சலில் ஏமாற்றப்பட்டால் போஸ்டல் இன்ஸ்பெக்டரிடம் புகார் கொடுப்பது எப்படி: அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இணையத்தில் பணம் கட்டி வாங்கிய பொருள் வரவே இல்லை. அல்லது வந்தது, ஆனால் பெட்டிக்குள் வேறு ஏதோ இருக்கிறது. விற்றவர் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதில்லை. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இந்தக் கட்டத்தில் பாங்குக்கு ஒரு போன் போடுவார்கள், வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்களை எச்சரிப்பார்கள், அத்தோடு விட்டுவிடுவார்கள். தபால் துறைக்கென்றே கைது செய்யும் அதிகாரமும் துப்பாக்கியும் உள்ள ஒரு கூட்டரசுப் போலீஸ் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதன் பெயர் யுஎஸ் போஸ்டல் இன்ஸ்பெக்ஷன் சர்வீஸ்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஸ்பெக்டர்கள் உங்கள் பணத்தைத் திருப்பி வாங்கித் தருபவர்கள் இல்லை. பணத்தை மீட்பது ஒரு வேலை, குற்றத்தைப் பதிவு செய்வது இன்னொரு வேலை. இரண்டுக்கும் கதவுகள் வேறு, கெடுக்களும் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் கூப்பிடுவார் என்று காத்திருந்து, பாங்கின் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் நிறைய.

எது தபால் மோசடி, எது இல்லை

அமெரிக்காவின் தபால் மோசடிச் சட்டம் 1872-லிருந்து இருக்கிறது. ஏமாற்றும் நோக்கத்தோடு ஒரு திட்டம் போட்டு, அதை நிறைவேற்ற எந்தக் கட்டத்திலாவது தபாலைப் பயன்படுத்தினால் அது கூட்டரசுக் குற்றம். தண்டனை 20 ஆண்டு வரை போகலாம். பேச்சு முழுக்க இணையத்தில் நடந்திருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் செக்கைத் தபாலில் அனுப்பியிருந்தால் போதும். குப்பைப் பொருள் உங்களுக்குத் தபாலில் வந்திருந்தால் போதும். நீங்கள் விற்பவராக இருந்து, வாங்குபவர் போலி மணி ஆர்டரைத் தபாலில் அனுப்பியிருந்தாலும் போதும். 1994-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு தனியார் கூரியர்களும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆனாலும் இன்ஸ்பெக்டர்களின் முதல் அக்கறை அரசுத் தபால் துறையான யுஎஸ்பிஎஸ் வழியே போன, வந்த தபாலின் மேல்தான்.

பாங்குக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் ஜெல் (Zelle) செயலியில் பணம் அனுப்பினீர்கள், பொருள் எதுவும் கிளம்பவே இல்லை, ட்ராக்கிங் எண்ணும் வரவில்லை என்றால் அதில் தபாலே இல்லை. அது எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையமான ஐசி3-க்குப் போகவேண்டிய விஷயம். வாசலில் வைத்த பார்சலை யாரோ தூக்கிப் போயிருந்தால் அது தபால் திருட்டு. அதையும் இன்ஸ்பெக்டர்கள்தான் பார்ப்பார்கள், ஆனால் படிவத்தில் வேறு பிரிவு. தபால் ஊழியர் மேலேயே சந்தேகம் என்றால் யுஎஸ்பிஎஸ்ஸின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம், 1-888-877-7644.

அப்புறம், மோசமான விற்பனையாளர் எல்லாரும் மோசடிக்காரர் இல்லை. நிறம் மாறி வருவதும், இரண்டு வாரம் தாமதமாவதும் குற்றம் ஆகாது. ஏமாற்றும் நோக்கம் தெரியவேண்டும். வியாபாரத் தளங்களுக்கு கூட்டரசு வர்த்தக ஆணையமான எஃப்டிசி வைத்திருக்கும் விதி ஒன்று இங்கே உதவும்: அனுப்பும் தேதி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் அனுப்பவேண்டும். முடியாவிட்டால் தாமதத்தை உங்களிடம் சொல்லி, வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும்.

முதலில் பணத்தின் பின்னால் போங்கள்

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பொருள் வராததும், ஒத்துக்கொண்டபடி வராததும் சட்டப்படி பில்லிங் பிழைதான். அந்தத் தொகை இருக்கும் முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பிய 60 நாளுக்குள் டிஸ்ப்யூட், அதாவது அந்தத் தொகைக்கு ஆட்சேபம், போடவேண்டும். பாங்கின் ஆப்பில் போட்டாலும் சரி, ஆனால் சட்டம் எழுத்தில் கேட்கிறது. அதனால் பில்லிங் விசாரணை முகவரிக்கு ஒரு கடிதமும் போட்டுவிடுங்கள். டெபிட் கார்டிலும் டிஸ்ப்யூட் போடலாம். வித்தியாசம் என்னவென்றால் பணம் உங்கள் கணக்கிலிருந்து ஏற்கெனவே போயிருக்கும், பேச்சுவார்த்தையில் உங்கள் கை கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும்.

பேபாலில் 'பொருள், சேவை' வகையில் கட்டியிருந்தால் 180 நாள் அவகாசம். டிஸ்ப்யூட் தொடங்கிய 20 நாளுக்குள் அதை க்ளெய்மாக உயர்த்தவேண்டும், இல்லாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். மூடியதைத் திரும்பத் திறக்க முடியாது. மோசடிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "15 டாலர் தருகிறோம், பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்", "புகாரை மூடுங்கள், உடனே பணம் போடுகிறோம்", "பொருளை உங்கள் செலவில் சீனாவுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று பேசிப் பேசியே நாளைக் கடத்துவார்கள். பணம் கைக்கு வரும்வரை எதையும் மூடாதீர்கள்.

'நண்பர், குடும்பம்' வகையில் அனுப்பிய பேபால் பணத்துக்கும், நீங்களே அனுப்பிய ஜெல் பணத்துக்கும் பொருள் வாங்கும் பாதுகாப்பு கிடையாது. இருந்தாலும் பாங்கிடம் அன்றைக்கே சொல்லுங்கள். கிஃப்ட் கார்ட் எண்ணைக் கொடுத்திருந்தால் அந்தக் கார்டு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், அதில் மீதிப் பணம் இருந்தால் நிறுத்த வாய்ப்பு உண்டு. போஸ்டல் மணி ஆர்டர் அனுப்பியிருந்தால் தபால் நிலையத்தில் 6401 எண் படிவம் கொடுங்கள். அது மாற்றப்பட்டுவிட்டதா என்று சொல்வார்கள், மாற்றியிருந்தால் அதன் நகலும் கிடைக்கும். நகலின் பின்புறக் கையெழுத்து பிற்பாடு இன்ஸ்பெக்டருக்கு நல்ல பிடிமானம்.

குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாதவை

மோசடி என்று தெரிந்ததும் எரிச்சலில் உறையைக் கிழித்து ரீசைக்கிளில் போட்டுவிடுவோம். தபால் மோசடிப் புகாரில் அந்த உறைதான் முக்கியம், உள்ளே இருந்த பொருள்கூட இரண்டாம் பட்சம். தபால் பயன்படுத்தப்பட்டது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அனுப்புநர் முகவரி, தபால் முத்திரை, லேபிள், பார்கோடு, எடை எல்லாம் அதில்தான்.

ஒரு உதாரணத்துக்கு, பழக்கமில்லாத ஒரு தளத்தில் 89 டாலருக்கு வெட் கிரைண்டர் போட்டிருக்கிறார்கள், நீங்கள் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ட்ராக்கிங்கில் 'டெலிவரி ஆயிற்று, மெயில்பாக்ஸில்' என்று வருகிறது. கல் வைத்த வெட் கிரைண்டர் எந்த மெயில்பாக்ஸில் நுழையும்? திறந்து பார்த்தால் பஞ்சு வைத்த சின்ன உறை, உள்ளே பிளாஸ்டிக் சாவிக்கொத்து. லேபிளின் ஓரத்தில் எடை 2 அவுன்ஸ் என்று அச்சாகியிருக்கிறது. கல்லும் மோட்டாரும் சேர்ந்து 2 அவுன்ஸ் எடை இருக்காது என்று பாங்குக்காரருக்கும் புரியும், இன்ஸ்பெக்டருக்கும் புரியும். பக்கம் பக்கமாக எழுதும் விளக்கத்தைவிட அந்த எடை எண் அதிகம் பேசும்.

ஆகவே உறையின் நான்கு பக்கத்தையும் படம் எடுங்கள். லேபிளை எழுத்து படிக்கிற அளவுக்கு நெருக்கமாக ஒரு படம். பொருளோடு உறையைச் சேர்த்து ஒரு படம். பிறகு எல்லாவற்றையும் ஒரு ஜிப்லாக் பையில் போட்டு எடுத்து வைத்துவிடுங்கள். விற்பனைப் பக்கத்தை முழுதாக ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், மேலே உள்ள இணைய முகவரியும் தெரியவேண்டும். இந்தத் தளங்கள் சீக்கிரம் காணாமல் போய்விடும். மின்னஞ்சல்களை ஃபார்வர்ட் செய்து வைப்பதோடு நிற்காமல், அசலையும் இன்பாக்ஸில் அப்படியே விட்டுவையுங்கள். புகாரோடு மூலச் சான்று எதையும் அனுப்பவேண்டாம், கேட்டால் மட்டும் கொடுங்கள்.

யுஎஸ்பிஎஸ்ஸின் இன்ஃபார்ம்ட் டெலிவரி என்ற இலவச வசதியில் சேர்ந்திருந்தால், உங்கள் முகவரிக்கு வரும் கடிதங்களின் படமும் பார்சல்களின் விவரமும் மின்னஞ்சலில் வந்திருக்கும். அந்த நாளின் மின்னஞ்சலையும் சேர்த்து வையுங்கள். சேராதவர்கள் இப்போதாவது சேரலாம்.

ஒன்றுமே வரவில்லை, ட்ராக்கிங்கில் மட்டும் வந்திருக்கிறது

இப்போது அதிகம் நடப்பது இதுதான், இதில்தான் பலர் டிஸ்ப்யூட்டில் தோற்கிறார்கள். மோசடிக்காரர் ஒரு காலி உறையை உங்கள் ஜிப் கோடில் உள்ள வேறு யாரோ ஒருவர் வீட்டுக்கு அனுப்புவார். அங்கே கேரியர், அதாவது தபால்காரர், அதைப் போட்டு ஸ்கேன் செய்வார். யுஎஸ்பிஎஸ் தளத்தில் பொதுமக்களுக்குத் தெரிவது ஊர், மாநிலம், ஜிப் கோடு வரைக்கும்தான். தெருவும் கதவு எண்ணும் தெரியாது. அந்த ட்ராக்கிங் எண்ணை விற்றவர் பாங்கிடம் காட்டுவார். 'உங்கள் ஊரில் டெலிவரி ஆகியிருக்கிறதே' என்று பாங்கு உங்கள் டிஸ்ப்யூட்டை மூடிவிடும்.

இதை உடைக்க வழி உண்டு. கேரியர் கையில் உள்ள ஸ்கேனர், டெலிவரி செய்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் பதிந்துகொள்கிறது. உங்கள் வீட்டுக்குத் தபால் கொடுக்கும் கிளை எதுவோ அங்கேயே போங்கள், பக்கத்தில் இருக்கிறதே என்று வேறு கிளைக்குப் போனால் பயனில்லை. கேரியர்கள் கிளம்புவதற்கு முன்னால் காலையில் போனால் நல்லது. கவுண்டரில் நிற்பவரிடம் கதை சொல்லாமல் சூப்பர்வைசரையோ போஸ்ட்மாஸ்டரையோ கேளுங்கள். ட்ராக்கிங் எண்ணையும் அடையாள அட்டையையும் காட்டி, "இது என் முகவரிக்கு டெலிவரி ஆனதா, லேபிளில் இருந்தது என் பெயரும் முகவரியும்தானா?" என்று மட்டும் கேளுங்கள். யார் வீட்டுக்குப் போனது என்று சொல்லமாட்டார்கள், அது அந்தரங்கம். உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்பதைச் சொல்லலாம்.

அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். சில கிளைகளில் லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதித் தருவார்கள், சில இடங்களில் முடியாது என்பார்கள். முடியாது என்றால் பேசியவரின் பெயர், பதவி, தேதி, அவர் சொன்னது ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பிஎஸ் தளத்தில் உதவிக் கோரிக்கை ஒன்றைப் பதிவு செய்தால் அதற்கு வரும் பதிலும் எழுத்துச் சான்றாகும். நாள் போகப் போகக் கேரியருக்கும் நினைவிருக்காது, அதனால் ட்ராக்கிங்கில் 'டெலிவரி' என்று பார்த்த ஓரிரு நாளிலேயே போய்விடுங்கள்.

புகாரை எழுதுவது

போஸ்டல் இன்ஸ்பெக்ஷன் சர்வீஸின் யுஎஸ்பிஐஎஸ் டாட் கவ் (uspis.gov) என்ற தளத்தில் 'ரிப்போர்ட்' பக்கம் இருக்கிறது. முகவரியின் கடைசியில் கவ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பிஎஸ்ஸின் சாதாரண தளம் காம் என்று முடிவதால் குழம்பிப் போய், தேடலில் முதலில் வரும் ஏதாவது போலித் தளத்தில் விவரத்தைக் கொட்டிவிடும் ஆபத்து உண்டு. இணையம் ஒத்துவராவிட்டால் 1-877-876-2455. புகார் கொடுக்கக் காசு இல்லை, குடியுரிமை பெற்றவராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. மாணவர் விசாவில் இருப்பவரும் கொடுக்கலாம்.

பிரிவுகளில் 'மெயில் ஃப்ராட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் விவரம், எதிராளியின் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், தளம், முதலில் எப்படித் தொடர்பு ஏற்பட்டது, எவ்வளவு, எப்படிக் கட்டினீர்கள், என்ன வந்தது என்று வரிசையாகக் கேட்பார்கள். எதிராளியின் உண்மைப் பெயர் தெரியாது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். உறையில் அச்சாகியிருக்கும் அனுப்புநர் முகவரி போலியாகவே இருந்தாலும் அப்படியே எழுத்துப் பிசகாமல் போடுங்கள். அதே போலி முகவரி இன்னும் பல புகார்களில் இருக்கலாம், அவற்றை ஒன்றாகக் கோர்க்க அதுதான் நூல். கார்டு ஸ்டேட்மென்டில் கடையின் பெயர் வேறாக இருந்தால் அதையும் சேருங்கள்.

நடந்ததை விவரிக்கும் இடத்தில்தான் நம்மவர்கள் சறுக்குவார்கள். 'இவன் பெரிய ஃப்ராடு, உடனே நடவடிக்கை எடுங்கள்' என்று கோபத்தில் ஆரம்பித்தால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. தேதி வரிசையில், ஆங்கிலத்தில், இந்த மாதிரி எழுதினால் போதும்:

"மார்ச் 3 அன்று இந்தத் தளத்தில் வெட் கிரைண்டர் ஒன்றுக்கு 89 டாலர் டெபிட் கார்டில் கட்டினேன். மார்ச் 6 அன்று இந்த ட்ராக்கிங் எண் மின்னஞ்சலில் வந்தது. மார்ச் 11 அன்று யுஎஸ்பிஎஸ் வழியே, இந்த அனுப்புநர் முகவரியோடு ஒரு சிறிய உறை வந்தது. உள்ளே பிளாஸ்டிக் சாவிக்கொத்து. லேபிளில் எடை 2 அவுன்ஸ். மார்ச் 11, 13 தேதிகளில் நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. உறையும் பொருளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன."

அவ்வளவுதான். கடைசி வரியை மட்டும் மறக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் வழக்கை எடுத்தால் முதலில் கேட்கப்போவது அதைத்தான். ஊகத்தை உண்மை போல எழுதவேண்டாம். கூட்டரசு அமைப்பிடம் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம். சமர்ப்பித்ததும் திரையில் வருவதைப் படம் எடுத்து, பாங்குக்கு அனுப்பும் காகிதங்களோடு சேர்த்து வையுங்கள்.

நீங்கள் விற்பவராக இருந்தால்

பழைய சோஃபாவையோ கேமராவையோ விற்கப் போட்டிருப்பீர்கள். வாங்குபவர் பேரம் பேசவே மாட்டார். விலையைவிட அதிகத் தொகைக்கு காஷியர்ஸ் செக்கோ (பாங்கே தன் பெயரில் தரும் செக்) மணி ஆர்டரோ தபாலில் வரும். மீதியை 'மூவர்ஸுக்கு', அதாவது பொருளை எடுத்துப்போக வரும் ஆட்களுக்கு, அனுப்பச் சொல்வார். பாங்கில் போட்டதும் ஓரிரு நாளில் பணம் கணக்கில் தெரியும். அது செக் பாஸ் ஆனதற்கு அடையாளம் இல்லை, எடுத்துக்கொள்ள பாங்கு முன்கூட்டியே அனுமதிக்கிறது, அவ்வளவுதான். வாரங்கள் கழித்துப் போலி என்று திரும்பினால் முழுத் தொகையையும் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

போஸ்டல் மணி ஆர்டர் என்றால் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். இடது பக்கம் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் முகம் மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்ப நீரெழுத்தாகத் தெரியவேண்டும். அதற்கு வலதுபுறம் ஒரு பாதுகாப்பு இழை, அதில் யுஎஸ்பிஎஸ் எழுத்துகள். தொகை அச்சான இடத்தில் சாயம் வெளிறியிருக்கக் கூடாது. அமெரிக்காவுக்குள் ஒரு மணி ஆர்டர் 1,000 டாலரைத் தாண்டாது. 1,450 டாலருக்கு ஒன்று வந்தால் சோதிக்கவே வேண்டாம், போலிதான். சந்தேகத்துக்கு 1-866-459-7822-ஐக் கூப்பிட்டுச் சரிபார்க்கலாம். போலி என்று தெரிந்தால் கிழித்துப் போடாமல், வந்த உறையோடு சேர்த்து வைத்து இன்ஸ்பெக்டர்களுக்குப் புகார் கொடுங்கள்.

பொருளை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? ட்ராக்கிங்கில் இன்னும் டெலிவரி ஆகவில்லை என்றால் யுஎஸ்பிஎஸ் தளத்தில் பேக்கேஜ் இன்டர்செப்ட் கேளுங்கள். கட்டணம் உண்டு, உத்தரவாதம் இல்லை, ஆனால் அனுப்பியவர் என்ற முறையில் வழியிலேயே திருப்பச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

மற்ற கதவுகள்

ஐசி3-லும், எஃப்டிசியின் ரிப்போர்ட் ஃப்ராட் தளத்திலும் ஒரே விவரத்தைப் பதிந்துவிடுங்கள். ஏற்கெனவே எழுதி வைத்ததை ஒட்டினால் போதும், அதிக நேரம் ஆகாது. விற்றவர் வேறு நாட்டில் இருந்தால் ஈகன்ஸ்யூமர் டாட் கவ். உள்ளூர் போலீசில் ஒரு புகார் எண் வாங்கி வைத்தால் சில பாங்குகள் கேட்கும்போது கைகொடுக்கும்.

நீங்கள் ஆர்டரே செய்யாத பொருள் உங்கள் பெயருக்கு வந்தால் பதற்றம் வேண்டாம். கேட்காமல் அனுப்பியதைப் பரிசாக வைத்துக்கொள்ள சட்டம் அனுமதிக்கிறது, பணம் கேட்டால் தரவேண்டியதில்லை. 'உங்கள் பார்சல் நிற்கிறது, இந்த லிங்கைத் தொடுங்கள்' என்று குறுஞ்செய்தி வந்தால் தொடாமல் 7726-க்கு ஃபார்வர்ட் செய்யுங்கள். நீங்கள் ட்ராக்கிங் எண் கொடுத்துக் கேட்காமல் யுஎஸ்பிஎஸ் தானாகக் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை, அனுப்புவதிலும் லிங்க் இருக்காது.

புகாருக்குப் பிறகு

பெரும்பாலும் யாரும் கூப்பிடமாட்டார்கள். ஒற்றைப் புகாருக்காக விசாரணை தொடங்குவது அபூர்வம். எத்தனை புகார், அவற்றில் என்ன ஒற்றுமை, எவ்வளவு கனமான விஷயம் என்று பார்த்துத்தான் எடுப்பார்கள். கைது இல்லாமலும் ஒரு வழி உண்டு: பொய்யான விளம்பரத்தால் பணம் பறிப்பவருக்கு எதிராக உத்தரவு வாங்கினால், அவருக்குப் போகும் தபாலை அனுப்பியவர்களுக்கே திருப்பிவிட முடியும். செக் அனுப்பியவருக்கு செக் திரும்பி வரும்.

அப்படியானால் எதற்கு மெனக்கெட வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். தன் வழியே மோசடிப் பணம் போனதைத் தடுக்கத் தவறியதற்காக வெஸ்டர்ன் யூனியன் 2017 ஜனவரியில் 58.6 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. விசாரித்தவர்களில் போஸ்டல் இன்ஸ்பெக்டர்களும் இருந்தார்கள். 2004 ஜனவரி 1-லிருந்து 2017 ஜனவரி 19 வரை அந்த வழியாகப் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் கோரிக்கை வைக்கலாம் என்றார்கள், இணைய விற்பனையில் ஏமாந்தவர்களும் அதில் அடக்கம். முன்பே புகார் கொடுத்திருந்தவர்களுக்குப் படிவம் தபாலிலேயே வீடு தேடி வந்தது. முதல் சுற்றுப் பணம் 2020-ல் கொடுக்கப்பட்டது. புகார் கொடுக்காமல் புலம்பியவர்களின் முகவரி யாரிடமும் இல்லை, செய்தியைப் பார்த்துத் தாங்களாகவே தேடிப் போகவேண்டியிருந்தது.

புகார் கொடுத்த சில வாரத்தில் இன்னொரு போன் வரக்கூடும். 'போஸ்டல் இன்ஸ்பெக்டர் பேசுகிறேன், உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், கட்டணமாக 200 டாலர் மட்டும் கட்டுங்கள்' என்பார். ஏமாந்தவர்களின் பட்டியல் மோசடிக்காரர்களுக்குள் கைமாறுவதால் வரும் அழைப்பு அது. எந்த இன்ஸ்பெக்டரும் பணம் கேட்கமாட்டார். பெயரைக் கேட்டுக்கொண்டு போனை வையுங்கள். பிறகு நீங்களாக 1-877-876-2455-ஐக் கூப்பிட்டு, அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த அழைப்பு வந்த எண்ணும் நேரமும் உங்கள் பழைய புகாரோடு சேரவேண்டிய புது விவரம், அதே அழைப்பிலேயே சொல்லிவிடலாம்.